ஹெல்மெட்டைப் போடு தம்பி, சாவியை விடுங்க சார்!

(மாவட்ட இளைஞர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மண்டபத்துக்குள்ள வரும்போது வாசல்ல பார்த்தேன். எழுபது எண்பது பைக் நிக்குது. ஹெல்மெட் மாட்டியிருந்த வண்டி பத்துகூட இல்லை. அதனால எழுதிக்கொண்டு வந்த பேச்சை மடிச்சுப் பையில வெச்சுட்டேன். இன்னைக்கு இதைப் பத்தித்தான் பேசப்போறேன். முதல் பாதி உங்களுக்குக் கசக்கும். இரண்டாம் பாதி காவல்துறைக்குக் கசக்கும். இரண்டையும் கேளுங்க.

எங்க அக்கா மகன். பத்தொன்பது வயசு. ராத்திரி எட்டு மணிக்குப் பால் பாக்கெட் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனான். அரை கிலோமீட்டர்கூட இருக்காது. நாய் ஒண்ணு குறுக்கே வந்தது. கை காலில் பெரிய காயம் எதுவும் இல்லை. தலையில மட்டும்தான் அடி. நாலு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவுல இருந்தான். ஐந்தாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம், உயிர் இல்லாம. அவனோட ஹெல்மெட் பீரோ மேல இருந்தது. இன்னைக்கும் அங்கேதான் இருக்கு. அக்கா அதை எடுக்க விடமாட்டேங்குது.

அதனால "என் தலை, என் இஷ்டம்"னு யாரும் என்கிட்ட பேசாதீங்க. உங்க தலை உங்க அம்மாவுக்கும் சொந்தம்.

இப்போ சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 129ஆவது பிரிவு, நாலு வயசுக்கு மேல உள்ள எல்லாரும் ஹெல்மெட் போடணும்னு சொல்லுது. பின்னால உட்காருறவங்களுக்கும் இது பொருந்தும். தலையில கவிழ்த்தா மட்டும் போதாது, வாரையும் மாட்டியிருக்கணும். தமிழ்நாட்டில் அபராதம் 100 ரூபாயா இருந்தது, 2022 அக்டோபரில் 1,000 ரூபாய் ஆனது. 18 வயசு ஆகாத பையன் வண்டி ஓட்டிச் சிக்கினா, 199ஏ பிரிவுப்படி வண்டி கொடுத்த அப்பா அம்மாவுக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரை சிறையும் வரலாம். அந்தப் பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. இதெல்லாம் நாம தெரிஞ்சு வெச்சுக்க வேண்டியவை. சட்டம் தேவைதான். நான் எதிர்க்கலை.

ஆனா சட்டத்தை எப்படி நடத்துறாங்க? அதுதான் என் கேள்வி.

2018 மார்ச் 7. திருச்சி துவாக்குடி. கணவரோடு பைக்கில் வந்த ஒரு பெண். கணவர் ஹெல்மெட் போடலை, சோதனையில் நிக்காம போனார்னு காவல் ஆய்வாளர் துரத்தினார். ஓடுற வண்டியை எட்டி உதைச்சார் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பெண் கீழே விழுந்து இறந்துபோனார். மறுநாள் உலக மகளிர் தினம். ஆயிரக்கணக்கான மக்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தாங்க. ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். ஹெல்மெட் சட்டம் எதுக்கு வந்தது? உயிரைக் காப்பாத்த. அந்தச் சட்டத்தின் பேரால ஒரு உயிர் போச்சு என்றால், தப்பு சட்டத்தில் இல்லை, நடத்துற விதத்தில் இருக்கு.

வளைவுக்குப் பின்னால மறைஞ்சு நின்னு, திடீர்னு லத்தியை நீட்டினா பதினெட்டு வயசுப் பையன் என்ன செய்வான்? பயந்து வண்டியைத் திருப்புவான். எதிர்த் திசையில் முறுக்குவான். எதிரே லாரி வரும். துரத்தத் தேவையே இல்லையே! வண்டி நம்பர் இருக்கு, கேமரா இருக்கு, சலான் போனுக்கே வருது. ஹெல்மெட் போடலை என்ற ஒரே காரணத்துக்காக வண்டிச் சாவியைப் பிடுங்கு, கன்னத்தில் அறைன்னு எந்தப் பிரிவும் சொல்லலை.

இன்னொண்ணு. யாரை நிறுத்துறாங்க? நம்ம கிளையில் ஒரு தம்பி. காலையில் காலேஜ், சாயங்காலம் சாப்பாடு டெலிவரி. ஹெல்மெட் போட்டிருந்தார், வார் மாட்டலை. தப்புதான். அபராதம் போடுங்க. ஆனா அவர்கிட்ட கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊர்டா? எந்தத் தெருடா?" ஹெல்மெட் வாருக்கும் தெருவுக்கும் என்னங்க சம்பந்தம்? நம்ம ஊர்ல தெருப் பேரைக் கேட்டா உண்மையில் எதைக் கேக்கறாங்கன்னு இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கிற கதை இல்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் இருக்கிற கிங் கவுண்ட்டியில், 1993லேயே சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயம்னு விதி கொண்டுவந்தாங்க. 2003ல் சியாட்டிலுக்கும் அது வந்தது. நல்ல நோக்கம்தான். பிறகு ஒருநாள் அபராதச் சீட்டுகளை எண்ணிப் பார்த்தாங்க. சைக்கிள் ஓட்டும் வெள்ளையர்களோட ஒப்பிட்டா, கறுப்பினத்தவர்களுக்கு ஏறத்தாழ 4 மடங்கு வீதத்தில் சீட்டு போயிருக்கு. வீடில்லாம தெருவில் படுக்கிறவங்களுக்கும் நிறையப் போயிருக்கு. தலையைக் காக்க வந்த விதி, ஆளைப் பார்த்து நிறுத்துற சாக்கா மாறிப்போச்சு. 2022 பிப்ரவரியில் அந்த விதியை எடுத்துட்டாங்க. எடுத்த கையோட, "ஹெல்மெட் போடுங்க"ன்னு தொடர்ந்து சொல்றாங்க.

நாமும் சட்டத்தை எடுக்கணும்னு நான் சொல்லலை. சைக்கிள் வேற, நூறு சிசி பைக் வேற. அவங்க செய்த ஒரு நல்ல காரியத்தைப் பாருங்க: எண்ணிப் பார்த்தாங்க. நாம எண்ணிப் பார்த்திருக்கோமா?

அதனால நம்ம கோரிக்கைகள் ஐந்து.

ஒண்ணு: துரத்தக் கூடாது, லத்தியை நீட்டக் கூடாது. நம்பரைக் குறிச்சுச் சலான் அனுப்புங்க.

இரண்டு: எந்தக் காவல் நிலையத்தில், எந்தப் பகுதியில், எந்த வயசுக்காரங்களுக்கு எத்தனை ஹெல்மெட் வழக்கு என்ற கணக்கை மாதாமாதம் வெளியிடுங்க.

மூணு: முதல் தடவை சிக்கும் இளைஞர், ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் வாங்கி ஒரு வாரத்தில் காட்டினா அபராதத்தைத் தள்ளுபடி செய்யுங்க. அந்த ஆயிரம் ரூபாய் அவன் தலைக்கே போகட்டும்.

நாலு: புது இருசக்கர வண்டி விற்கும்போது தரமான ஹெல்மெட்டும் கொடுக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 138லேயே இருக்கு. எத்தனை ஷோரூம் கொடுக்குதுன்னு அதிகாரிகள் போய்ப் பார்க்கட்டும்.

ஐந்து: அரசுப் பள்ளியில் பதினொண்ணாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்குது. கூடவே ஒரு சைக்கிள் ஹெல்மெட்டும் கொடுங்க. கட்டாயம் வேண்டாம், வழக்கு வேண்டாம். சின்ன வயசிலேயே பழகட்டும்.

காவலர்களுக்கும் ஒரு வார்த்தை. வெயில்ல எட்டு மணி நேரம் நிக்கிற உங்க கஷ்டம் எங்களுக்குத் தெரியும். இத்தனை வழக்கு போட்டாகணும்னு மேலிருந்து நெருக்கடி இருந்தா, அதையும் நாங்க எதிர்ப்போம். ஆனா எங்க பிள்ளைகளை "டா" போட்டுப் பேசாதீங்க. "தம்பி, ஹெல்மெட் எங்கே?"ன்னு கேளுங்க. அவன் வெட்கப்படுவான். பயந்து ஓடமாட்டான்.

கடைசியா உங்களுக்கு. ஹெல்மெட்டோட நிக்கிற இளைஞன் கேள்வி கேட்டாத்தான் அதுக்கு மரியாதை. வெறுந்தலையோட போய் உரிமை பேசினா பத்து பேர் சிரிப்பாங்க. சோதனையில் நிறுத்தினா நில்லுங்க. ஓடாதீங்க. ஆவணங்களை டிஜிலாக்கரில் காட்டலாம், அது செல்லும். அபராதம் கட்டினா ரசீது வாங்குங்க. மரியாதைக் குறைவா நடந்தா தேதி, நேரம், இடம் மூணையும் குறிச்சு நம்ம கிளைச் செயலாளர்கிட்ட கொடுங்க. எழுத்துப்பூர்வமா புகார் கொடுக்க நாங்க கூட வர்றோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வாசல்ல நானே நின்னு எண்ணுவேன். ஹெல்மெட் இல்லாம வர்ற வண்டிக்கு நம்ம கூட்டத்தில் இடம் இல்லை, மாவட்டப் பொறுப்பாளரா இருந்தாலும் சரி!



இந்தப் பேச்சை உங்க வீட்டுத் தம்பி தங்கைக்கு அனுப்புங்க. உங்க பகுதியில் நடந்ததைக் கமெண்டில் எழுதுங்க.

#தலையும்_முக்கியம் #தன்மானமும்_முக்கியம்