மென்பொருளில் வாடகையும் உழைப்பும்

(ஸ்ரீகாளஹஸ்தியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2017 மே மாதம் ‘வான்னாகிரை’ என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவியபோது, காளஹஸ்தியை உள்ளடக்கிய அன்றைய சித்தூர் மாவட்டத்துக் காவல்துறைக் கணினிகளும் தப்பவில்லை. ஆந்திரத்தின் ஐந்து மாவட்டங்களில் 18 காவல் பிரிவுகள் பாதிக்கப்பட்டன. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பிட்காயினில் பணம் கேட்டது அந்நிரல். தாக்கப்பட்டவை விண்டோஸ் கணினிகள். அதற்கு வழி திறந்த ஆயுதம் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் உருவாகி, அங்கிருந்து கசிந்தது என்பது உலகறிந்த செய்தி.

இதன் பொருளாதாரம் கவனிக்கத்தக்கது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017 மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. ஆனால் பழைய எக்ஸ்பி பதிப்புக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்துவிட்டதால், அதற்கான திருத்தம் தனி ஒப்பந்தத்தில் பணம் கட்டியோருக்கு மட்டுமே உரியதாயிற்று. தாக்குதல் தொடங்கிய பின்னரே அது எல்லோருக்கும் வழங்கப்பட்டது. (உலகளவில் பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல, திருத்தம் நிறுவப்படாத விண்டோஸ் 7 கணினிகளே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பராமரிக்க ஆளில்லாத அலுவலகத்தை எந்த மென்பொருளும் காப்பாற்றாது.)

மூலநிரல் ஒரே நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்கும்போது, பழுதுபார்க்கும் தொழிலும் அந்நிறுவனத்தின் ஏகபோகமாகிவிடுகிறது. எழுதி முடித்த நிரலின் அடுத்த பிரதிக்கு ஏறத்தாழச் செலவே இல்லை. ஆயினும் ஒவ்வொரு பிரதிக்கும் உரிமக் கட்டணம் உண்டு. நிலவுடைமையாளர் பெறும் வாடகையின் இயல்பே இதற்கும் இருக்கிறது. ஆதரவு எந்த நாளில் முடியும் என்பதையும் உடைமையாளரே தீர்மானிக்கிறார். விண்டோஸ் 10 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று நின்றது. அதன் பின்னரும் திருத்தங்கள் வேண்டும் நிறுவனங்களுக்கு அறிவிக்கப்பட்ட பட்டியல் விலை, கணினி ஒன்றுக்கு முதலாண்டு 61 டாலர். அடுத்தடுத்த ஆண்டுகளில் இரட்டிப்பு. மூன்றாண்டுகளுக்கு மொத்தம் 427 டாலர். திருத்தம் எழுதும் உழைப்பு ஆண்டுதோறும் இரட்டிப்பதில்லை. வெளியேற இயலாதவரின் நெருக்கடிக்கே அங்கு விலை போடப்படுகிறது.

கட்டற்ற மென்பொருளில் வருவாயின் ஊற்று வேறு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ திட்டமும், 1989-இல் வந்த அதன் பொது உரிமமும் விற்பனையைத் தடுக்கவில்லை. பிரதியைப் பெற்றவருக்கு மூலநிரலை மறுப்பதையே தடுக்கின்றன. எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அந்த வேலைக்குக் கூலியும் கேட்கலாம். இவ்வூர்க் கலம்காரிக் கைவினைஞர்களை எண்ணிப் பாருங்கள். கடுக்காயிலும் பாலிலும் துணியைத் தோய்ப்பதும், இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துக் கருமை எடுப்பதும், மூங்கில் எழுதுகோலால் தீட்டுவதும் ஊரறிந்த முறைகள். முறைக்கு உரிமக் கட்டணம் இல்லை. தீட்டிய கைக்கே காசு. ஒருவர் மறுத்தால் இன்னொருவரிடம் போகலாம்.

இதனால் சுரண்டல் ஒழிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. லினக்ஸுக்கான ஆதரவை விற்றே வளர்ந்த ரெட் ஹேட் நிறுவனத்தை ஐபிஎம் 2019-இல் ஏறத்தாழ 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. மறுபுறம், 2014-இல் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளிப்பட்டபோதுதான், இணைய வணிகத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் நிரலை விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே பராமரித்து வந்ததும், அதற்கு வந்த ஆண்டு நன்கொடை சுமார் 2,000 டாலரே என்பதும் உலகுக்குத் தெரிந்தன. பொதுவில் விளைந்ததை மூலதனம் இலவசமாக அறுவடை செய்தது. விதைத்தவருக்குக் கூலி கிட்டவில்லை.

பராமரிப்பை அரசே ஏற்றால் என்ன நிகழும் என்பதற்குக் கேரளம் சான்று. பள்ளிக் கல்விக்கான ‘கைட்’ நிறுவனம் தனக்கென ஒரு லினக்ஸ் பதிப்பைத் தொகுத்து, ஆசிரியர்களுக்கு அதில் பயிற்சி அளித்தது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் 3,000 கோடி ரூபாய் உரிமக் கட்டணம் மிச்சமானதாக 2019-இல் கணக்குச் சொல்லப்பட்டது. சந்தை விலையில் போட்ட கணக்கு அது. பேரம் பேசியிருந்தால் தொகை குறைந்திருக்கக்கூடும். ஆனால் ஆசிரியர்கள் பெற்ற தேர்ச்சி அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

நகராட்சியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கணினி வாங்கும் தீர்மானம் வரும்போது, விலைப்பட்டியலோடு இவையும் கேட்கப்பட வேண்டும்: மூலநிரல் யாரிடம் இருக்கிறது? ஒப்பந்ததாரர் விலகினால் வேறொருவர் பழுதுபார்க்க இயலுமா? பராமரிக்கும் இளைஞருக்கு ஒப்பந்தக் கூலியா, நிரந்தர வேலையா? கடைசிக் கேள்வியைக் கட்டற்ற மென்பொருள் தானாகத் தீர்த்துவிடாது. தொழிற்சங்கம்தான் அதை எழுப்ப வேண்டும். அதற்கு முன் கணினி இயக்குநர்களைச் சங்கத்தில் சேர்க்கும் வேலை நடந்தாக வேண்டும்.