கிடைக்குமா, கிடைக்காதா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம், "அமெரிக்காவைப் பத்தி ஏதாவது பேசு. ஆனா பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல போகாதே, சாப்பாடு ஆறிடும்" என்று சொல்லியிருக்கிறார். அதனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் கல்லூரியில் படித்து நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் குடியேறியவர்கள் வீட்டில், பிள்ளை பதினோராம் வகுப்புக்கு வந்ததும் கிளம்புகிற கேள்வி அது. "என் பொண்ணுக்கு வார்ட்டன் கிடைக்குமா? என் பையனுக்கு பெர்க்லி பிசினஸ் ஸ்கூல் கிடைக்குமா? நீ கணக்குப் படிச்சவன்தானே, ஒரு நம்பர் சொல்லேன்!"

நான் சேர்க்கை அதிகாரி அல்ல. எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் விண்ணப்பம் எழுதும்போது கூடமாட உதவி செய்கிறவன், அவ்வளவுதான். கிளி ஜோசியம் மாதிரி ஒரு சீட்டை எடுத்துப் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தச் சீட்டை நம்பி ஒரு குடும்பம் கடன் வாங்குகிறது. பதினேழு வயதுப் பிள்ளை தன்னைப் பற்றியே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. ஆகவே இந்தக் கணக்கை எப்படிப் போடுவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று பார்ப்போம்.

நாம் ஏன் நம்பர் கேட்கிறோம்? நம் பழக்கம் அது. இங்கே இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200க்கு ஒரு கட்-ஆஃப். போன வருஷம் எந்தக் கல்லூரி எந்த மார்க்கில் மூடியது என்று பார்த்தால், இந்த வருஷம் கிடைக்குமா என்று டீக்கடையில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகத்தில் ரேங்க் பட்டியலே கிடையாது. மார்க், பாடத்திட்டத்தின் கடினம், கட்டுரை, ஆசிரியர் கடிதம், வெளி வேலைகள் எல்லாவற்றையும் சேர்த்து மனிதர்கள் படித்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அங்கே போய் கட்-ஆஃப் தேடினால் எப்படி?

என் வகுப்புத் தோழன் ஒருவன், நியூஜெர்சியில் இருக்கிறான். ஓர் அக்டோபர் மாதம் போன் செய்தான். பையன் பள்ளியில் ஏறக்குறைய எல்லாப் பாடத்திலும் 'ஏ'. எஸ்.ஏ.டி. தேர்வில் 1600க்கு 1540. டெக்கா என்ற வணிக மாணவர் மன்றத்தில் பொறுப்பு. ஆசை வார்ட்டன் மேல். "எவ்வளவு சான்ஸ்டா?" என்றான். அன்று அவனோடு உட்கார்ந்து போட்ட கணக்கையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்பது. வார்ட்டன் 1881இல் தொடங்கியது. பல்கலைக்கழகத்துக்குள் அமைந்த வணிகப் பள்ளிகளில் அமெரிக்காவிலேயே முதலாவது. அது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 2021ஆம் ஆண்டுச் சேர்க்கையில் 56 ஆயிரம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். இடம் கிடைத்தது 100க்கு 6 பேருக்கும் குறைவு. ஆனால் இது முழுப் பல்கலைக்கழகத்துக்குமான எண். "காமன் டேட்டா செட்" என்ற பெயரில் பல பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் ஒரு படிவம் வெளியிடுகின்றன. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள், எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று அதில் பார்க்கலாம். அதிலும் மொத்தக் கணக்குதான் இருக்கும். பெயர்பெற்ற வணிகப் பள்ளியின் வாசல் அதைவிடக் குறுகல் என்று வைத்துக்கொள்வதுதான் விவேகம்.

டெக்சாஸில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 1997இல் அங்கே வந்த சட்டப்படி, பள்ளியில் முன்னணியில் நிற்கும் மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் தானாக இடம் உண்டு. ஆஸ்டினில் அந்த வரம்பு 2026ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் முதல் 5 சதவீதம். "அப்போ மெக்கோம்ஸ் பிசினஸ் ஸ்கூல் உறுதி!" என்று சந்தோஷப்படுகிறார்கள். இல்லை. உறுதியானது பல்கலைக்கழகம், வணிகப் பள்ளிக்குத் தனிப் பரிசீலனை. கோபுர வாசலுக்குள் போய்விட்டாலும் கர்ப்பகிரக வரிசை வேறுதானே!

இரண்டாவது, மார்க் எதற்கு என்பது. பென்னில் சேர்ந்தவர்களில் நடுப்பாதிப் பேர் எஸ்.ஏ.டி.யில் ஏறத்தாழ 1500க்கும் 1570க்கும் இடையில் இருப்பவர்கள். என் நண்பனின் பையன் வாங்கிய 1540 அங்கே நடுத்தரம். நம் வீட்டில் அது மலை. அங்கே அது வாசல்படி. படி இல்லாமல் ஏற முடியாது. ஆனால் படியில் நிற்பவர்கள் ஆயிரக்கணக்கில். பெர்க்லியில் கதையே வேறு. கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2021 முதல் எஸ்.ஏ.டி. மார்க்கைச் சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை. 1580 வாங்கி வைத்திருந்தாலும் அங்கே அதன் மதிப்பு பூஜ்யம். அதே மார்க், இரண்டு ஊரில் இரண்டு விலை.

மூன்றாவது, சராசரிக்குள் ஒளிந்திருப்பது. 2018இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேல் நடந்த வழக்கில் பல ஆண்டுச் சேர்க்கைக் கணக்குகள் வெளியே வந்தன. ஹார்வர்டில் இளநிலை வணிகப் பள்ளி கிடையாது. ஆனாலும் பாடம் எல்லோருக்கும் பொது. விளையாட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் 100க்கு ஏறத்தாழ 86 பேருக்கும், பழைய மாணவர்களின் பிள்ளைகளில் 100க்கு ஏறத்தாழ 33 பேருக்கும் இடம் கிடைத்திருந்தது. இப்படிப்பட்ட சலுகை எதுவும் இல்லாதவர்களில் 6க்கும் குறைவு. முன்னாள் மாணவர் சங்க மேடையில் நின்றுகொண்டு இதைச் சொல்வது வேடிக்கைதான். அங்கே அப்பா முன்னாள் மாணவர் என்பது பிள்ளைக்கு ஒரு தகுதி! 2023இல் உச்ச நீதிமன்றம் இன அடிப்படையைச் சேர்க்கையில் பார்க்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு பழைய மாணவர் சலுகையையோ விளையாட்டுச் சலுகையையோ தொடவில்லை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டும் இல்லை. ஆக, சராசரி 6 என்றால் நம் பிள்ளையின் எண் அதற்கும் கீழே தொடங்குகிறது.

நான்காவது, முன்கூட்டி விண்ணப்பிப்பது. நவம்பர் முதல் தேதிக்குள் "கிடைத்தால் இங்கேதான் சேர்வேன்" என்று கையெழுத்துப் போட்டு ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முறை இருக்கிறது. பென் தன் இடங்களில் ஏறக்குறைய பாதியை இதிலேயே நிரப்பிவிடுகிறது. சதவீதமும் கூடுதலாகத் தெரியும். ஆனால் நான் சொன்ன விளையாட்டு வீரர்களும் பழைய மாணவர் பிள்ளைகளும் அந்த வரிசையில்தான் அதிகம். கூடுதல் முழுவதும் நம் பிள்ளைக்கு வராது. அதோடு, கையெழுத்து என்றால் பணமும் சேர்ந்தது. அங்கே தங்கிப் படிக்க ஆண்டுச் செலவு 90 ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. குடும்ப வருமானத்தைப் போட்டால் நம் பங்கு எவ்வளவு வரும் என்று காட்டும் கணிப்பு வசதியை 2011 முதல் கல்லூரிகள் சட்டப்படி தங்கள் இணையதளத்தில் வைத்தாக வேண்டும். சான்ஸ் கேட்பதற்கு முன்னால் அதைப் போட்டுப் பாருங்கள்.

ஐந்தாவது, உள்ளூர் ஆதாரம். பல பள்ளிகளில் நேவியன்ஸ் போன்ற மென்பொருள் இருக்கிறது. அதே பள்ளியிலிருந்து முந்தைய ஆண்டுகளில் விண்ணப்பித்தவர்களின் மார்க்கையும் முடிவையும் புள்ளி புள்ளியாக, பெயர் இல்லாமல் காட்டும். ஊர் உலகத்துச் சராசரியைவிட இந்தப் புள்ளிகள் மேல். ஏனென்றால் அதே ஆசிரியர்கள், அதே பாடங்கள். என் நண்பனின் பையனுடைய பள்ளியில், அவனைப் போன்ற மார்க் உள்ள புள்ளிகளில் பெரும்பாலானவை 'இல்லை' என்றே இருந்தன.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, "100க்கு 5க்கு மேல நான் சொல்ல மாட்டேன்" என்றேன். நண்பனுக்குக் கோபம். "என்னடா, என் பையனை இவ்வளவு மட்டமா எடை போடுறியே!" என்றான். "பையனை நான் எடை போடலை. அந்த வரிசையைத்தான் போட்டேன்" என்றேன்.

அடுத்து அவன் ஒரு புத்திசாலித்தனமான கேள்வி கேட்டான். "சரி, 10 சதவீதம் சான்ஸ் உள்ள பத்து இடத்துக்குப் போட்டா?" கணக்குப் புத்தகப்படி, பத்தும் கைவிட்டுப் போக 35 சதவீதம், ஏதாவது ஒன்று கிடைக்க 65 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு தாயக்கட்டைக்குச் சரி. தாயக்கட்டைக்கு முந்தைய உருட்டல் ஞாபகம் இருக்காது. இங்கே பத்து இடத்துக்கும் போவது அதே மார்க், அதே கடிதம், அதே கட்டுரையின் சாயல். ஒரு இடத்தில் எது பிடிக்கவில்லையோ அதுவே அடுத்த இடத்திலும் பிடிக்காமல் போகலாம். ஆகவே 65 என்பது கானல் நீர். கடினமான இடங்களை எவ்வளவு அடுக்கினாலும் அவை சேர்ந்து ஓர் உறுதியான இடமாக மாறிவிடாது.

ஆகவே நான் எண்ணோடு நிறுத்துவதில்லை. பட்டியலை மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறேன்: கடினம், சரிபாதி, நம்பலாம். 'நம்பலாம்' என்று எழுத மூன்று சோதனை. பள்ளியின் பழைய புள்ளிகள் சாதகமாக இருக்க வேண்டும். கடன் இல்லாமலோ தாங்கக்கூடிய கடனிலோ படிக்க முடிய வேண்டும். பிள்ளை மனசார அங்கே போகத் தயாராக இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் நாம் கேட்பதே இல்லை. அந்த வரிசைக்கு இரண்டு இடம் கிடைத்த பிறகு, கடினத்தில் எத்தனை வேண்டுமானாலும் ஆசைப்படுங்கள். ஆசைப்படுவது தப்பே இல்லை.

அந்தப் பையன் வார்ட்டனுக்கு முன்கூட்டியே போட்டான். டிசம்பரில் 'இல்லை' என்று வந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். ஆனால் மற்ற இடங்களுக்கான கட்டுரைகள் நவம்பர் கடைசியிலேயே தயாராக இருந்தன. வசந்த காலத்தில் இந்தியானாவின் கெல்லி பள்ளியிலும், சொந்த மாநிலத்து ரட்கர்ஸ் வணிகப் பள்ளியிலும் இடம் கிடைத்தது. செலவைப் பார்த்து ரட்கர்ஸில் சேர்ந்தான். கணக்கியல் படிக்கிறான். அப்பாவுக்குத்தான் இன்னும் கொஞ்சம் வருத்தம் பாக்கி!

இங்கிருந்து தம்பி தங்கைகளை அனுப்ப நினைக்கும் மாணவர்களுக்கும், ஹெச்-1 விசாவில் இருக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத பிள்ளைக்குப் பொதுவாக அமெரிக்க அரசின் மாணவர் உதவித்தொகை கிடையாது. பென் போன்ற இடங்களில் வெளிநாட்டு மாணவர் உதவித்தொகை கேட்டால், அந்தத் தேவையே சேர்க்கை முடிவில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். அப்போது கணக்கு இன்னும் இறுகும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நிர்வாகம் படிக்க இந்தூர் ஐ.ஐ.எம். 2011 முதல் ஐந்தாண்டுப் படிப்பு நடத்துகிறது. நுழைவுத் தேர்வு, நேர்முகம் என்று வழி தெளிவாக இருக்கிறது. அதையும் பட்டியலில் வையுங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு. இந்தக் கணக்கை அக்டோபரிலேயே பிள்ளையோடு உட்கார்ந்து, ஒளிக்காமல் போடுங்கள். நவம்பரில் 100 சதவீதம் நம்பிக்கை கொடுத்துவிட்டு மார்ச்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டால், 'இல்லை' என்ற பதிலை அந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்திடமிருந்து ஒரு தடவை, உங்களிடமிருந்து இன்னொரு தடவை வாங்குகிறது. முதலாவதைத் தடுக்க நம்மால் முடியாது. இரண்டாவதை முடியும்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.