பணியிட விபத்தும் இழப்பீட்டுக் கடனும்

இயந்திரத்தில் கையிழந்த தொழிலாளி, முதலாளியின் கவனக்குறைவாலேயே அவ்விபத்து நேர்ந்தது என்று உரிமையியல் நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாலொழிய ஒரு காசும் பெற இயலாது என்பதே 1923ஆம் ஆண்டுக்கு முன் இந்நாட்டில் இருந்த நிலை. உடன் உழைத்தவரின் தவறு என்றோ, ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தார் என்றோ சொல்லி முதலாளி விலகிக்கொள்ளவும் அன்றைய ஆங்கிலப் பொதுச்சட்டம் வழிவிட்டிருந்தது. அந்த ஆண்டில் இயற்றப்பட்டு 1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அந்தச் சுமையைத் தொழிலாளியின் தோளிலிருந்து இறக்கியது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்து என்பது நிலைநாட்டப்பட்டால் முதலாளி பொறுப்பாவார்; குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியமை போன்ற சில எதிர்வாதங்கள் அவருக்கு உண்டு என்றாலும், உயிரிழப்பிலும் நிரந்தர முழு ஊனத்திலும் அவையும் செல்லா. அச்சட்டம், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் இப்போது அடங்கிவிட்டது; ஆயினும் அதன் அடிப்படைகள் புதிய தொகுப்பின் ஏழாம் அத்தியாயத்தில் தொடர்கின்றன.

இழப்பீடு உடலுறுப்புக்குத் தரப்படும் விலையன்று. இழந்த சம்பாதிக்கும் திறனுக்கு ஈடு. நிரந்தர முழு ஊனமெனில் மாத ஊதியத்தில் 60 விழுக்காட்டை, வயதுக்கென அட்டவணை வகுத்துள்ள காரணியால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அக்காரணி 207.98. பழைய சட்டத்தின்கீழ் 2020 ஜனவரி 3 முதல் கணக்கில் கொள்ளப்பட்ட ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய் என்பதால், அவ்வயதினர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய தொகை 18,71,820 ரூபாய். பகுதி ஊனத்துக்கு இத்தொகையின் ஒரு பங்கு கிடைக்கும். கட்டைவிரல் இழப்புக்கு அட்டவணை குறிக்கும் பங்கு 30 விழுக்காடு. ஆனால் அட்டவணையே முடிவான அளவுகோல் ஆகாது. முழங்கைக்கு மேலே இடக்கை துண்டிக்கப்பட்ட தச்சர் ஒருவரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய இயலாது என்பதால் அது முழு ஊனமே என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆரணி அரிசி ஆலையொன்றில் மூட்டை சுமப்பவரின் முதுகெலும்பு முறிந்தால், மருத்துவர் எழுதும் ஊன விழுக்காட்டோடு நின்றுவிடாமல், அவரால் இனி மூட்டை தூக்க முடியுமா என்பதும் கேட்கப்பட வேண்டும். மனுக்களில் பலமுறை விடுபட்டுப் போகும் கேள்வி இதுவே.

தச்சர் வழக்கின் அந்த 1975ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்னொன்றையும் நிறுவியது. இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கும் ஆணையர் (புதிய தொகுப்பில் தகுதியுடைய அதிகாரி) தீர்ப்பளிக்கும் நாளில் அன்று, விபத்து நடந்த நாளிலேயே இழப்பீடு செலுத்த வேண்டிய கடனாகிவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி சேரும்; தக்க காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதிவரை தண்டமும் விதிக்கலாம். நடப்பிலோ மருத்துவச் செலவை ஏற்றுக்கொண்ட முதலாளி, "பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் ஒரு தொகையை எழுதிக் கையொப்பம் வாங்குகிறார். வாங்கியவர் அதைக் கருணையென்று எண்ணி நன்றி சொல்லிவிட்டு எழுந்து போகிறார். சட்டப்படியான இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கச் செய்யும் அத்தகைய ஒப்பந்தம் செல்லாது. மருத்துவச் செலவையும் இழப்பீட்டிலிருந்து கழிக்க முடியாது. இறந்தவரின் குடும்பத்துக்குரிய தொகையை முதலாளி நேரடியாகக் கொடுத்துக் கணக்கை முடிக்க வழியில்லை. அது ஆணையரிடம் கட்டப்பட வேண்டும். துயரத்தில் இருக்கும் குடும்பத்திடம் யாரும் பேரம் பேசிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இச்சட்டத்தின் மிகவும் மனிதநேயமான பகுதியும் அதுவே.

ஊழியர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தில் பதிவுபெற்றவர்களுக்கு இவ்வழி இல்லை. அவர்கள் ஊனப் பயனை அக்கழகத்திடமே பெற வேண்டும். எஞ்சியவர்களில் பலர் மேஸ்திரியின்கீழ் வேலை செய்பவர்கள். "இவர் எங்கள் ஆள் அல்லர்" என்று கட்டடத்தின் முதன்மை ஒப்பந்தக்காரர் கைகழுவ முயன்றாலும், தம் தொழிலின் பகுதியாக நடந்த வேலைக்கு அவரே முதலில் இழப்பீடு செலுத்திவிட்டுப் பின்னர் மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். எனினும் வேலைக்கு வந்ததற்கே சான்று இல்லாவிடில் எந்த விதியும் உதவாது. ஆகவே முதல் நாளில் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் "வேலை செய்யும் இடத்தில்" என்று எழுதப்படுவது பின்னாளைய வாதங்கள் பலவற்றைவிட வலிமையானது. வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொல்லும்படி மேஸ்திரி கேட்டுக்கொள்வதும், நன்றிக்கடனாகத் தொழிலாளி அப்படியே சொல்லிவிடுவதும் ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரத்தையே பறித்துவிடும்.

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்காலுக்கு மனுக்களோடு வருவோரின் ஊர்களான செங்கம், தண்டராம்பட்டு, ஜவ்வாதுமலைப் பகுதிகளிலிருந்து பெங்களூருக்கும் கேரளத்துக்கும் கட்டட வேலைக்குச் செல்வோர் பலர். விபத்து நடந்த இடத்தில் மட்டுமே வழக்குத் தொடுக்கலாம் என்றால், அவர்களுள் நடக்க இயலாதவருக்கு உரிமை ஏட்டளவில் நின்றுவிடும். 1995ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மாற்றி, மனுதாரர் வழக்கமாக வசிக்கும் பகுதிக்குரிய ஆணையரிடமும் மனுச் செய்யலாம் என்றது. விபத்து நடந்த பகுதியின் ஆணையருக்கு அறிவிப்பு அனுப்பி விசாரணையைத் தொடர்வது மனுவைப் பெற்ற ஆணையரின் பொறுப்பு. பெங்களூரில் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தவர், அந்நகர மருத்துவமனையின் பதிவேட்டு நகலையும் ஊதியம் வந்த வங்கிக் கணக்கு விவரத்தையும் இணைத்து, விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தம் ஊருக்குரிய ஆணையரிடமே கோரிக்கையைத் தாக்கல் செய்யலாம்.