சிறு திரையில் தமிழ் எழுத்து



பிற மாநிலங்களில் வாழும் நம் இல்லங்களுக்கு, ஊரிலிருந்து முதிய தாயார் வந்து தங்குவதுண்டு. அவருக்கு உடல் நலிவுற்றால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோம். அங்கே பதிவுச் சீட்டு வழங்கும் பொறியின் திரையில் இந்தி தெரிகிறது, ஆங்கிலம் தெரிகிறது. தமிழ் மட்டுமே கற்ற தாயார் நம் முகத்தை நோக்குகிறார். அத்திரையில் தமிழ் தோன்றுதல் இயலாத காரியமா? இவ்வினாவையே இன்று ஆராயப் புகுகிறோம்.

நம் எழுத்துக்கு நுண்மையான திரை வேண்டும். ‘கல்’ என்பதன் மேற்புள்ளி மறைந்தால் அது ‘கல’ ஆகிவிடும். ‘கி’, ‘கீ’ இரண்டிற்கும் வேறுபாடு ஒரு சிறு சுழியே. ஒளிப்புள்ளிகள் குறைந்த திரையில் இவை மங்கிப்போகும்.

ஆயின், நுண்மைக்கு விலை உண்டு. பத்து அங்குல எல்.சி.டி. திரை ஒன்றைக் கொள்வோம். குறுக்கே 1280, நெடுக்கே 800. ஆக 10,24,000 ஒளிப்புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் செய்தி வேண்டும். ஒரு படத்துக்கு 30,72,000 பைட். இவ்வகைத் திரைக்குச் சொந்த நினைவகம் பெரும்பாலும் இராது. வினாடிக்கு 60 முறை முழுப் படத்தையும் அதற்கு ஊட்டுதல் வேண்டும். கணக்கிட்டால் வினாடிக்கு 18 கோடி பைட்டுக்கு மேல் ஆகிறது. விலை மலிந்த நுண்செயலி இச்சுமையைத் தாங்காது.

எனவே, இடையே ஒரு வரைகலைச் சில்லினைப் பணிக்கு அமர்த்துகிறார்கள். இதில் இரு வகை உண்டு. எஸ்.எஸ்.டி. 1963 என்னும் சில்லு முழுப் படத்தையும் தன்னுள் வைத்துக்கொண்டு திரைக்கு ஊட்டும். அதன் கொள்ளளவு 12,44,160 பைட். 864க்கு 480 என்னும் திரைக்கே அது சரியாகும். பி.டி. 817 என்னும் சில்லின் வழி வேறு. “இன்ன இடத்தில் இன்ன எழுத்தை இடுக” என்னும் கட்டளைப் பட்டியலை மட்டும் அது வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு வரியையும் திரைக்குச் செல்லும் வேளையில் ஆக்கித் தருகிறது. முன்னது விருந்து முழுவதையும் சமைத்துப் பரப்பி வைப்பது போன்றது. பின்னது பந்தி நடக்க நடக்கத் தோசை வார்ப்பது போன்றது. ஆதலின் 1 மெகாபைட் நினைவகத்தைக் கொண்டே நாம் கூறிய பெரிய திரையை அது நடத்த வல்லது.

இனித் தமிழுக்கு வருவோம். இச்சில்லினுள் ஆலையிலேயே பதித்து வருபவை ஆங்கில எழுத்துகள். தமிழ் வடிவங்களை நாமே ஆக்கி ஏற்றுதல் வேண்டும். ‘கொ’ என்பதில் முன்னே கொம்பும் பின்னே காலும் நிற்கின்றன. அவற்றை எவ்வரிசையில் இடுவதென்று நுண்செயலியின் நிரல் அறிந்து கட்டளையிட வேண்டும். சில்லு தானாக அதனை அறியாது. உழைப்பு வேண்டும் வேலைதான். ஆயினும் இயலாத வேலை அன்று.

பெங்களூரிலும் புனேயிலும் கருவிகள் ஆக்கும் தொழிலில் உள்ள நம்மவர் இப்பணியை மேற்கொள்ளலாம். ஏனையோர், “தமிழும் வேண்டும்” என்று உரிய இடத்தில் பணிவுடன் கேட்கலாம். அது கைகூடும் நாளில் நம் தாயார் திரையைத் தாமே படித்து, தாமே விரல் வைத்துச் சீட்டைப் பெறுவார்.