மலைக்கோட்டையும் ஒரு கை நீரும்



வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மேடையில் ஒரு கோட்டையைப் பற்றிப் பேச விழைகின்றேன். மராட்டிய மண்ணில் ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்துக்குத் தனித்து எழுந்து நிற்கிறது தேவகிரி மலை. யாதவ மன்னர்களின் தலைநகராக விளங்கிய அதனை, 1327-இல் முகம்மது பின் துக்ளக் தௌலதாபாத் என்னும் பெயரால் தம் தலைநகராக்கினார். மலையின் அடிப்புறத்தைச் செங்குத்தாகச் செதுக்கி, பாறையிலேயே அகழி வெட்டியுள்ளனர். கோட்டைக்குள் யானைக் குளம் எனப்படும் பெரிய நீர்த்தேக்கமும் உண்டு. முற்றுகைக் காலத்தில் மதிலைப் போலவே நீரும் அரண் அன்றோ!

1934-இல் அண்ணல் அம்பேத்கர் ஏறத்தாழ முப்பது தோழர்களுடன் அங்குச் சென்றார். வழிநெடுகப் புழுதி. கோட்டை வாயிலுக்கு வெளியே இருந்த சிறு குளத்தில் அவர்கள் முகமும் காலும் கழுவினர். குளம் தீட்டுப்பட்டதென்று ஒரு முதியவர் கூவினார், கூட்டம் கூடியது, வசைமொழிகள் எழுந்தன. இதைத்தான் உங்கள் சமயம் போதிக்கிறதா என்று அண்ணல் அவர்களை நோக்கி வினவினார். முடிவில், கோட்டைக்குள் எங்கும் நீரைத் தொடலாகாது என்ற கட்டளையோடு, ஆயுதம் தாங்கிய காவலன் ஒருவன் உடன் அனுப்பப்பட்டான். அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பட்டங்கள் பெற்ற பேரறிஞருக்கே இந்நிலை!

நான் சிறுவனாக இருந்தபோது பள்ளிப் பானையைத் தொட எங்களுக்கு உரிமையில்லை. ஒருவர் மேலிருந்து ஊற்ற, கைகுவித்துக் குடித்தோம். ஆகையால், தலைமையாசிரியரான பின்னும் நாள்தோறும் காலையில் நான் முதலில் சென்று பார்ப்பது பள்ளியின் குடிநீர்க் குழாயைத்தான்.

அண்ணல் அந்த அவமதிப்போடு நின்றுவிடவில்லை. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1950 சனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, பொதுக் கிணறுகளையும் குளங்களையும் பயன்படுத்தச் சாதி தடையாகாது என்றது. அவ்வாண்டிலேயே, கோட்டையிலிருந்து சில கல் தொலைவில் அந்நாளில் ஔரங்காபாத் எனப்பட்ட நகரில், அவருடைய கழகம் ஒரு கல்லூரியைத் தொடங்கியது. இன்று அது மிலிந்த் கல்லூரி எனப்படுகிறது.

இளைஞர்களே, நீர் மறுக்கப்பட்ட வட்டாரத்திலேயே அவர் கல்விக்கூடம் எழுப்பினார். நம் சங்கமும் அவ்வழி வந்ததே. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளை உங்கள் கைகளில் ஒப்படைக்கின்றோம். நம் தெருவில் படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளை ஒன்றேனும் இருப்பின், இன்றே அவ்வீட்டுக்குச் செல்லுங்கள்.