வெள்ளைக் குஞ்சு எங்கிருந்து வந்தது?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. வாத்து வளர்ப்பில் தெரிஞ்சுகிட்ட ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

நெல் அறுத்த கழனியில் வாத்து மேய்க்கிறதை எல்லாரும் பார்த்திருப்பீங்க. நம்ம ஆரணிப் பக்கத்து நாட்டு வாத்தை நிறத்தை வைத்துத்தான் சன்னியாசி, கீரி என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் குழுவில் உள்கடன் வாங்கி நாலு பேர் சேர்ந்து நாட்டு வாத்து வளர்த்தோம். வெள்ளை வாத்து ஒன்றுகூட அதில் இல்லை. ஒரு அக்கா வீட்டில் முட்டைகளைக் கோழிக்கு அடை வைத்தோம். 28ஆம் நாள் ஏழு குஞ்சு பொரித்தது. இறகு முளைத்ததும் பார்த்தால், ரெண்டு மட்டும் வெள்ளை வெளேர்னு இருந்துச்சு!

முட்டையை மாத்திட்டாங்கன்னு பேச்சு கிளம்பிடுச்சு. அந்த அக்கா, "என் சேமிப்பைக் கணக்குப் பார்த்துக் கொடுங்க, நான் குழுவை விட்டே போறேன்" என்று சொல்லிட்டாங்க.

கால்நடை மருத்துவரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதை நம்ம பாஷையில் சொல்கிறேன். ஒவ்வொரு குஞ்சுக்கும் நிறத்துக்கு ரெண்டு சீட்டு. தாய் ஒன்று தரும், தகப்பன் ஒன்று தரும். அதில் ஒன்று நிறச் சீட்டாக இருந்தாலே போதும், இறகில் நிறம் வந்துவிடும். வெள்ளைச் சீட்டு உள்ளே ஒளிஞ்சிருக்கும். ரெண்டுமே வெள்ளைச் சீட்டானால்தான் வெள்ளை வாத்து. தாயும் தகப்பனும் ஆளுக்கு ஒரு வெள்ளைச் சீட்டை ஒளித்து வைத்திருந்தால், சராசரியாக நாலில் ஒரு குஞ்சு வெள்ளை. ஏழுக்கு ரெண்டு வந்ததில் அதிசயமே இல்லை. பட்டாணிச் செடியில் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்து 1866இல் எழுதி வெளியிட்டவர் மெண்டல்.

அடுத்த கூட்டத்தில் ரெண்டு டம்ளர் வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கருப்பு மணி, ஒரு வெள்ளை மணி. கண்ணை மூடி ஒவ்வொரு டம்ளரிலிருந்தும் ஒரு மணி எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னேன். 40 தடவை எடுத்தால் ஏறக்குறைய 10 தடவை ரெண்டும் வெள்ளையாக வரும். எல்லாரும் எடுத்துப் பார்த்தார்கள். அதுக்கப்புறம் யாரும் முட்டை மாறியதாகப் பேசவில்லை. அக்காவும் குழுவிலேயே இருக்காங்க.

இன்னொரு நிறக் கணக்கு நமக்குக் காசு மிச்சம் பண்ணும். தகப்பன் காக்கி கேம்பல், தாய் கலப்பில்லாத கருநிற வாத்து என்றால், பொரித்த அன்றைக்கே பெட்டைக் குஞ்சு பழுப்பாகவும் ஆண் குஞ்சு கருப்பாகவும் தெரியும். காரணம், அந்தப் பழுப்புச் சீட்டு பெட்டைக்குத் தகப்பனிடமிருந்து மட்டும்தான் வரும். ஜோடியை மாற்றிப் போட்டால், அதாவது தாய் காக்கியானால், இந்த அடையாளம் கிடைக்காது.

ஆனால் நிறம் முட்டை போடாது. இந்த நிறம்தான் நிறைய முட்டை விடும் என்று வியாபாரி சொன்னால் நம்பாதீங்க. காக்கி கேம்பலை உருவாக்கியவர் இங்கிலாந்தில் அடீல் கேம்பல் என்கிற அம்மா. நம்மைப் போல வீட்டில் வாத்து வளர்த்தவர்தான். 196 நாளில் 182 முட்டை போட்ட ஒரு பெட்டையைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து தொடங்கினார். அந்த வாத்து எத்தனை முட்டை போட்டது என்று அவரிடம் கணக்கு இருந்தது. காக்கி நிறம் 1901 வாக்கில்தான் வந்தது.

நாமும் குழு நோட்டில் வரவு செலவு எழுதுகிறோம். கூடவே எந்த ஆண், எந்தப் பெட்டை, எத்தனை முட்டை, என்ன நிறக் குஞ்சு என்று நாலு வரி எழுதுவோம். எழுதி வைத்தால் வாத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஒருத்தி மேல் ஒருத்தி சந்தேகப்படவும் வேண்டியதில்லை.