பூமி பிளப்பது யார் பாவத்தால்?



நாம் ஐஸ்லாந்து தேசத்துக்குப் போய், பூமி பிளக்கும் இடங்களைப் பார்த்துவந்த சங்கதியைக் கேள்விப்பட்டு, அங்கு கண்டதைச் சொல்லவேண்டும் என்று இவ்வூர் வாலிபர்கள் கேட்டுக்கொண்டார்கள். காசிக்குப் போய்வந்தவர்கள் புண்ணியத்தைக் கொண்டுவந்ததாகச் சொல்லுவார்கள். நாம் அப்படி ஒன்றும் கொண்டுவரவில்லை. ஒரு கேள்வியைத்தான் கொண்டுவந்திருக்கிறோம். அதுவும் நம்முடைய கேள்வியல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கேட்டது.

முதலில் விஷயம் இன்னதென்று விளங்கவேண்டும். நாம் மிதிக்கும் இந்தப் பூமியின் மேல் ஓடு ஒரே பாறையாக இல்லை. கோடையில் ஏரி வற்றினால் வண்டல் எப்படிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமோ, அப்படிப் பெரியவை ஏழெட்டும் சிறியவை பலவுமான தட்டுகளாக உடைந்து கிடக்கிறது. ஏரிப் பாளம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். பூமியின் தட்டோ நகருகிறது. சில இடங்களில் இரண்டு தட்டுகள் முட்டுகின்றன. சில இடங்களில் உரசிப் போகின்றன. சில இடங்களில் விலகுகின்றன. விலகும் இடங்கள் பெரும்பாலும் கடலுக்கடியில் இருப்பதால் மனிதன் கண்ணுக்குப் படுவதில்லை. அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே வடக்குத் தெற்காக ஓடும் மலைத்தொடர் அத்தகையது. அந்தத் தொடர் கடலுக்குமேல் ஒரு பெரிய தேசமாகவே தலைகாட்டும் இடந்தான் ஐஸ்லாந்து.

இந்த உண்மை சுலபத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டதென்று எண்ணிவிடாதீர்கள். கண்டங்கள் நகருகின்றன என்று ஜெர்மானியரான ஆல்பிரட் வேகனர் 1912-ல் சொன்னபோது பெரிய பெரிய பண்டிதர்களே பரிகாசம் செய்தார்கள். அவர் 1930-ல் கிரீன்லாந்துப் பனியில் மாண்டார். பிறகு மேரி தார்ப் என்ற அமெரிக்கப் பெண்மணி கடலின் ஆழக் கணக்குகளை வைத்துப் படம் வரைந்து, அந்தக் கடல்மலையின் நடுமுதுகில் ஒரு பிளவு ஓடுகிறது என்று 1950-களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். பெண் என்பதால் அன்று அவரை ஆராய்ச்சிக் கப்பலில் ஏறவிடவில்லை. கூட வேலை செய்தவரே, இது ஏதோ பெண்பிள்ளைப் பேச்சு என்று முதலில் தள்ளினார். ஆனால் கடலடிப் பூகம்பங்கள் நடந்த இடங்களைக் குறித்துப் பார்த்தபோது, அவை அந்த அம்மையார் காட்டிய பிளவின் வழியே வரிசையாக விழுந்தன. ஆணா பெண்ணா, பெரியவரா சிறியவரா என்று பூமி பார்ப்பதில்லை. சொன்னது சரியா என்பதுதான் கேள்வி.

இனி நாம் கண்ட இடத்துக்கு வருவோம். தலைநகரமான ரெய்க்யவிக்கிலிருந்து ஒரு மணி நேரத்தில் திங்வெல்லிர் என்ற பள்ளத்தாக்கை அடையலாம். இரண்டு பக்கமும் கருங்கற் சுவர்போல் பாறை நிற்கிறது. நடுவிலுள்ள தரை கடந்த 10,000 ஆண்டுகளுக்குள் சுமார் 40 மீட்டர் தாழ்ந்துபோயிருக்கிறது. பாறை வெடிப்புகளில் நிற்கும் தண்ணீர் அடிவரை கண்ணாடிபோல் தெரிகிறது. மேற்கே வட அமெரிக்கத் தட்டு, கிழக்கே ஐரோப்பா-ஆசியத் தட்டு. இரண்டும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் விலகுகின்றன. நமது விரல் நகம் வளரும் வேகங்கூட இல்லை. ஆனாலும் ஆயிரம் ஆண்டில் அது 20 மீட்டர் ஆகிவிடுகிறது.

ரெய்க்யனெஸ் என்ற இடத்தில் ஒரு பிளவின்மேல் சிறு பாலம் கட்டி, ஒரு பக்கம் ஐரோப்பா, மறுபக்கம் அமெரிக்கா என்று பலகை வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு பரவசப்படுகிறார்கள். தோழர்களே! பலகை சொல்லுகிறது என்பதற்காக அதையும் ஸ்தல புராணம்போல் நம்பிவிடக்கூடாது. எல்லை என்பது ஒரு கோடல்ல. பல கிலோமீட்டர் அகலமுள்ள வெடிப்புப் பட்டை அது. அந்தத் தேசத்தில் அப்படிப்பட்ட பட்டை ஒன்றுக்கு மேலும் இருக்கிறது. அந்த 2 சென்டிமீட்டர் விலகல் அவற்றுக்குள் பங்கிடப்படுகிறது. பாலம் ஒரு அடையாளம், அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். திங்வெல்லிரில் 930-ம் ஆண்டு முதல் அந்நாட்டார் ஒரு ஜனசபை கூட்டிவந்தார்கள். 1000-ம் ஆண்டு வாக்கில், பழைய தெய்வங்களை விட்டுக் கிறிஸ்து மதத்துக்குப் போவதா என்று அச்சபையில் பெரிய வழக்கு நடந்தது. அச்சமயம் ஓர் ஆள் ஓடிவந்து, அருகில் எரிமலை நெருப்புக் குழம்பு கக்குகிறது என்றானாம். பழைய மதத்தார், இப்படிப் பேசினால் தெய்வங்களுக்குக் கோபம் வராதா என்றார்களாம். அதற்கு ஸ்நோரி என்ற தலைவர், நாம் இப்போது நிற்கும் இந்தக் கல் எரிந்துகொண்டிருந்தபோது தெய்வங்களுக்கு எதன்மேல் கோபம் என்று கேட்டாராம். பழைய ஐஸ்லாந்து ஏடுகளில் இந்தக் கதை இருக்கிறது.

எவ்வளவு சரியான கேள்வி! அந்தக் கல் எரிந்த காலத்தில் அந்தத் தீவில் மனிதனே கிடையாது. மனிதன் அங்கு குடியேறியது 9-ம் நூற்றாண்டில்தான். மனிதனே இல்லாத இடத்தில் பாவம் செய்தது யார்? தண்டனை யாருக்கு? ஆனால் அச்சபையார் என்ன செய்தார்கள்? பழைய தெய்வங்களை இப்படிக் கேட்டுவிட்டுப் புதிய கடவுளை ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கேள்வியை அவரிடம் கேட்கவில்லை.

1783 ஜூன் 8-ந் தேதி லாக்கி என்ற இடத்தில் பூமி 27 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்து எட்டு மாதம் கக்கியது. ஜூலை 20-ல் யோன் ஸ்டெய்ங்ரிம்சன் என்ற பாதிரியார் கோயிலில் ஜெபம் நடத்தினார். கோயிலுக்குச் சற்று தூரத்தில் குழம்பு நின்றுவிட்டது. ஜெபந்தான் நிறுத்தியது என்று ஜனங்கள் நம்பினார்கள். ஆனால் நச்சுப் புகை நிற்கவில்லை. புல் விஷமாயிற்று; ஆடு மாடுகள் செத்தன; பஞ்சம் வந்து ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு மாண்டது. குழம்பை நிறுத்திய ஜெபத்துக்குப் புகையை நிறுத்தச் சக்தியில்லையா? அந்தப் பாதிரியாரையும் நாம் குறைவாகப் பேசவில்லை. நடந்ததையெல்லாம் கண்டபடி எழுதிவைத்தார். அந்தக் குறிப்புகள் ஆராய்ச்சிக்காரருக்கு இன்றும் பயன்படுகின்றன. அவர் ஜெபம் செய்தது ஒருநாள் உதவியாகத் தோன்றிற்று. எழுதிவைத்தது இருநூறு ஆண்டுகளுக்குமேல் உதவுகிறது.

இனி 1973-ஐப் பாருங்கள். ஹெய்மேய் என்ற சிறு தீவில் ஜனவரி 23-ந் தேதி நடுநிசிக்குப்பின் ஊர் ஓரத்திலேயே பூமி வெடித்தது. முந்திய நாள் புயலினால் மீன்பிடி படகுகள் துறைமுகத்திலேயே நின்றன. அந்த ராத்திரியிலேயே சுமார் 5,300 ஜனங்களையும் கரை சேர்த்தார்கள். பிறகு குழம்பு துறைமுகத்தை அடைக்க வந்தபோது, பம்புகளை வைத்துச் சுமார் 60 லட்சம் டன் கடல்நீரை அதன்மேல் இறைத்து இறுக வைத்தார்கள். சுமார் 400 வீடுகள் போயின. உயிர் போனது ஒன்றே. துறைமுகமும் பிழைத்தது. 2023 நவம்பர் 10-ல் கிரிண்டவிக் என்ற ஊரில் நிலநடுக்கக் கருவிகள் எச்சரித்ததும், 4,000-க்குச் சற்றுக் குறைவான ஊரார் அனைவரையும் அன்றிரவே வெளியேற்றி, மண் அணைகளும் போட்டார்கள். 2024 ஜனவரி 14-ல் குழம்பு ஊருக்குள் புகுந்து வீடுகளை எரித்தது. எரிந்த வீட்டில் ஆள் இல்லை.

இதெல்லாம் எங்கேயோ பனித் தேசத்துச் சங்கதி, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். விலகும் இடம் அங்கே. முட்டும் இடம் நம் தட்டின் ஓரத்திலேயே இருக்கிறது. இந்தியத் தட்டு வடக்கே ஆசியாவை முட்டுவதால் இமயமலை எழும்புகிறது. 1934 ஜனவரி 15-ல் பீகார் பூகம்பத்தில் 10,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டது அதனால்தான். அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று காந்தியார் நமது திருநெல்வேலியில் பேசினார். தாகூர் அதைக் கண்டித்தெழுதினார். தீண்டாமை ஒழியவேண்டியது, அது மனிதனுக்கு மனிதன் செய்யும் கொடுமை என்பதற்காக. அதற்குப் பூகம்பத்தைச் சாட்சிக்கு அழைத்தால், பூகம்பம் வராத ஊரில் தீண்டாமை நியாயமாகிவிடாதா?

2004 டிசம்பர் 26-ல் சுமத்ராவுக்கு அருகே நம் தட்டு இன்னொரு தட்டின்கீழ் சொருகிய இடத்தில் பூகம்பம் நடந்தது. காலை ஆறரை மணிக்கு அது நடந்தும், அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரம் நமக்கு இருந்தது; சொல்ல ஏற்பாடு இல்லை. நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். வலை உலர்த்தினவரையும், வேளாங்கண்ணிக்கு வந்த பக்தரையும், கடற்கரையில் விளையாடின குழந்தையையும் அலை ஒன்றாகவே எடுத்தது. அந்தக் குழந்தை செய்த பாவம் என்ன? பிறகு 2007-ல்தான் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது.

ஆகையால், தோழர்களே! ஆபத்து வந்தபின், யார் பாவம் என்று கேட்கிறவனுக்குக் கிடைப்பது ஒரு பரிகாரச் செலவு. என்ன காரணம் என்று கேட்கிறவனுக்குக் கிடைப்பது தப்பிக்கும் வழி. கடலோரத்தார் ஒன்றை மறக்காதீர்கள். நிலம் நீண்ட நேரம் ஆடினாலும், கடல் திடீரென்று உள்வாங்கினாலும் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓடுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். இதையும் நாம் சொன்னோம் என்பதற்காக நம்பவேண்டாம். காரணத்தைக் கேட்டு, சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள்.